இடது கால் வியாழக்கிழமை முடியும்

காரைக்குடியில் கம்பளி பின்னுகிற ஆளை என்னவென்று சொல்வது? சித்திரை பிறந்துவிட்டால் தார் ரோடு செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிற ஊர் இது. ஃபேனை ஐந்தில் வைத்தாலும் மேலேயிருந்து அனல்தான் இறங்கும். அப்படிப்பட்ட ஊரில், செக்காலைப் பக்கம் ஒரு ஓட்டு வீட்டில், மரியப்பன் கைலியும் பனியனுமாக உட்கார்ந்து, கழுத்தில் வேர்வை வழிய வழிய, மடியில் உல்லன் உருண்டையைப் போட்டுக்கொண்டு சாக்ஸ் பின்னினால் பார்க்கிறவன் சிரிக்காமல் என்ன செய்வான்? சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொள்வார். கை மட்டும் நிற்காது.

ஆள் லேசுப்பட்ட ஆள் இல்லை. முன்னாள் ராணுவம். இப்போது ஒரு பாங்கில் வாசல் காவல். காக்கி உடுப்பு, முறுக்கின மீசை, தோளில் இரட்டைக்குழல் துப்பாக்கி. பாங்குக்கு வருகிற சிறுபிள்ளைகள் அவரைக் கண்டதும் அம்மாவின் முந்தானைக்குள் ஒளியும். அந்தக் கைதான் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நாலு ஊசியைப் பிடிக்கும். ஊசியும் கடையில் வாங்கியது இல்லை. பழைய சைக்கிள் சக்கரத்துப் போக்ஸ் கம்பியை வெட்டி, இரண்டு முனையையும் கல்லில் தேய்த்து அவரே செய்துகொண்டது.

இந்தப் பழக்கம் வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேற்கொண்டு எதுவும் விளங்காது. எழுபத்தொன்று டிசம்பரில் மரியப்பன் பனி மலையில் ஒரு காவல் சாவடியில் இருந்தார். ஜவான்களுக்கென்று நாடு முழுக்கப் பெண்கள் பின்னிக் கொடுத்த உருப்படிகள் மூட்டை மூட்டையாக வந்த சமயம். அதில் அவர் பங்குக்கு ஒரு ஜோடி சாம்பல் நிறச் சாக்ஸ் கிடைத்தது. யார் பின்னியது என்று பேர் கிடையாது. அதைப் போட்டுக்கொண்டு ரோந்து போனவர் இடது காலைப் பனிக்கு அடியில் ஓடிய ஓடைக்குள் விட்டுவிட்டார். திரும்பி வந்து பூட்ஸைக் கழற்றுவதற்குள் அந்தக் கால் கட்டையாகிப்போயிற்று. ஆஸ்பத்திரியில் இடது கால் விரல் ஐந்தையும் எடுத்துவிட்டார்கள். வலது கால் நனையவில்லை. அந்தச் சாம்பல் நிறக் கம்பளி அதை முழுசாகக் காப்பாற்றிக் கொடுத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் சும்மா கிடந்து கூரையைப் பார்த்தால் புத்தி பேதலிக்கும் என்று ஒரு நர்ஸ் எல்லோர் கையிலும் ஊசியையும் நூலையும் கொடுத்தார். மற்றவர்கள் கொஞ்ச நாளில் மூலையில் போட்டுவிட்டார்கள். மரியப்பன் விடவில்லை. அவருக்குத் தேவை இருந்தது. விரல் இல்லாத காலுக்குக் கடையில் சாக்ஸ் ஏது? கடைச் சாக்ஸைப் போட்டால் முன்னால் காலியாகத் தொங்குகிற துணி மடிந்து, ஷூவுக்குள் உரசி உரசிப் புண்ணாக்கிவிடும். அதனால் தன் கால் அளவுக்குத் தானே பின்னிக்கொண்டார். வலது முழுசு, இடது குட்டை. இருபது வருஷத்துக்கு மேலாக அவர் தனக்குப் பின்னிக்கொண்டதெல்லாம் அப்படித்தான்.

பின்னலில் அவர் கண்ணி எண்ணுகிற ஆளும் இல்லை. அவர் கணக்கு வேறு. அந்த வீட்டில் சாயங்காலம் ஜெபமாலை தவறாது. மனைவி செபஸ்தியம்மாள் ஆரம்பப் பள்ளி டீச்சர். வகுப்பு எடுக்கிற குரலிலேயே ஜெபமும் சொல்வாள். முதல் பாதி அவள் சொல்ல, மறு பாதியை மரியப்பன் சொல்லுவார். மாலையில் ஒரு மணியைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு ஊசியில் இருக்கிற கண்ணிகள் பின்னி முடியும். குதிகாலைத் திருப்பி வைத்துவிட்டு, பாதத்தைத் திங்கட்கிழமை, அன்றைக்குத் தியானிக்கிற சந்தோஷ தேவ ரகசியத்தில் தொடங்குவார். செவ்வாய் துக்கம், புதன் மகிமை என்று போகும். வலது பாதம் சனிக்கிழமைதான் முடியும். இடது பாதம் வியாழக்கிழமை, திரும்பச் சந்தோஷ தேவ ரகசியம் வந்ததுமே முனையை மூடிவிடும். கை அப்படிப் பழகிவிட்டது. டேப் வைத்து அளந்ததே கிடையாது.

ஜெபமாலை முடிவில் அந்த வீட்டில் மட்டும் கூடுதலாக ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் உண்டு. கல்யாணமான புதிதில் மரியப்பன் கேட்டுக்கொண்டது. 'பேர் தெரியாத அந்தப் பொம்பளைக்காக' என்று செபஸ்தியம்மாள் எடுத்துக் கொடுப்பாள். வலது காலைக் காப்பாற்றிய அந்தச் சாக்ஸைப் பின்னியவளுக்காக. அவள் உயிரோடு இருக்கிறாளா, எந்த ஊர், எந்தச் சாதி, எந்தச் சாமி கும்பிடுகிறவள் என்று ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு நாள் விட்டுப்போனாலும் மரியப்பனுக்குச் சோறு இறங்காது.

இப்படி இருக்கையில், அவர்களுடைய ஒரே மகன் அந்தோணி பிரபு, வேலைக்கு வேறு இடமே இல்லாதது மாதிரி, ராணுவத்தில் போய்ச் சேர்ந்தான். தொண்ணூற்று நாலு பொங்கலுக்கு லீவில் வந்தவன், திரும்பிப் போனதும் தன்னைப் பனி மலைக்குப் போடப்போகிறார்கள் என்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். செபஸ்தியம்மாள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்தாள். ரயிலடிக்குப் போனபோதுதான், வண்டி கிளம்புகிற நேரத்தில், மகனையும் புருஷனையும் சேர்த்து நிறுத்திவைத்துக்கொண்டு சொன்னாள்.

"பத்து விரலோட பெத்தேன். பத்து விரலோட அனுப்புறேன். பத்தும் திரும்பி வரணும். ரெண்டு பேரும் கேட்டுக்கங்க."

மகனுக்குச் சொன்னது சரி. தனக்கு எதற்குச் சொன்னாள் என்று மரியப்பன் வீடு வருகிற வரை யோசித்தார். மகன் சின்னப் பிள்ளையாக இருக்கையில் ராணுவக் கதை சொல்லிச் சொல்லியே வளர்த்தது யார்? அவள் கேட்டதில் தப்பில்லை என்றுதான் பட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முழங்காலிட்டு ஒரு நேர்ச்சை வைத்துக்கொண்டார். இந்த வருஷம் முழுக்கப் பின்னுகிற எதுவும் தனக்கு இல்லை. மாதம் தவறாமல் ஏதாவது ஒன்று பின்னி யாருக்காவது கொடுத்துவிடுவது. முன்னே பின்னே தெரியாத ஒருத்தி தன் காலை நினைத்துப் பின்னினாள். தான் ஊராருக்குப் பின்னினால் மகனின் காலை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். கொடுக்கல் வாங்கல் மாதிரிதான் இருக்கிறது, ஆனாலும் தகப்பன் மனசு வேறு எப்படி வேண்டிக்கொள்ளும்?

ஆக, அந்த வருஷம் செக்காலையில் கம்பளி மழை. முதலில் செபஸ்தியம்மாளுக்கு ஒரு சால்வை, கருநீலத்தில், ஓரத்தில் குஞ்சம் வைத்து. அவள் தொட்டுத் தொட்டுப் பார்த்து, இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று மனதாரச் சொல்லி, பாச்சை உருண்டை போட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். பக்கத்து வீட்டு நாகவல்லியின் பேரப்பிள்ளைக்கு ஒரு குல்லாய். போட்ட அரை மணியில் பிள்ளை வீரிட்டு அழுது, தலையெல்லாம் வேர்க்குரு. பாங்கு மேனேஜர் மேசைத் தொலைபேசிக்கு ஒரு உறை. மணி அடித்தால் வெளியே கேட்கவில்லை என்று இரண்டாம் நாளே கழற்றிவிட்டார்கள். கோயில் பங்குச் சாமியாருக்கு ஒரு ஜோடி சாக்ஸ். அவர் ரொம்பச் சந்தோஷப்பட்டு ஒன்றில் மூக்குக்கண்ணாடியைப் போட்டு வைத்துக்கொண்டார். வீரையாவுக்கு ஒரு மப்ளர். அவர் திருப்பத்தூர் பஸ்ஸில் கண்டக்டர். அதை நாலாக மடித்துச் சீட்டில் போட்டு உட்கார்ந்துகொண்டார். சும்மா சொல்லக் கூடாது, ஊரில் ஒருத்தரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கி, நன்றி சொல்லி, ஆளுக்கொரு விதமாகப் பயன்படுத்தினார்கள். உடம்பில் போட்டவர்கள்தான் யாருமில்லை.

மரியப்பனுக்கு அதில் வருத்தமே கிடையாது. யார் போடாவிட்டால் என்ன, போடுகிறவன் ஒருத்தன் பனி மலையில் இருக்கிறான். மற்றதெல்லாம் கைக்கு வந்த நூலில் செய்தது. மகனுக்கென்று மட்டும் தெரிந்தவர் மூலம் ஊட்டியிலிருந்து நல்ல நூலாக வரவழைத்தார். மாசியில் தொடங்கிச் சித்திரைக்குள் மூன்று ஜோடி. பச்சை நிறம். ஒவ்வொரு கண்ணிக்கும் ஜெபம் ஏறிய சாக்ஸ். ஜோடி ஜோடியாக உருட்டி, துணியில் வைத்துத் தைத்து, அரக்கு முத்திரை போட்டு, ராணுவத் தபாலில் அனுப்பினார். ஆனியில் பதில் வந்தது. செபஸ்தியம்மாள் வழக்கம்போலச் சத்தமாக வாசித்தாள். சாக்ஸ் மூன்று ஜோடியும் வந்து சேர்ந்தது, ரொம்ப உபயோகமாக இருக்கிறது, அப்பாவுக்கு நன்றி என்று எழுதியிருந்தான். மரியப்பன் அன்றைக்கு மீசையைத் தடவிக்கொண்டே பாங்குக்குப் போனார்.

ஆவணி மாதம் வீட்டுப் பின்கதவு கீழே உரச ஆரம்பித்தது. நாகவல்லியின் புருஷன் ஆசைத்தம்பி ஆசாரி. அவரைத்தான் கூப்பிட்டார்கள். அவருக்கும் அந்த வருஷம் ஒரு ஜோடி சாக்ஸ் போயிருந்தது. ஆசைத்தம்பி வந்து கதவைக் கழற்றிச் சாய்த்துவிட்டு, பையிலிருந்து அந்த இரண்டு சாக்ஸையும் எடுத்துத் தரையில் வைத்தார். இரண்டிலும் உளி.

"ஒங்களுக்குத்தான்ணே நன்றி சொல்லணும்," என்றார். "இத்தன நாளு உளியெல்லாம் பையில கெடந்து ஒண்ணோட ஒண்ணு மோதி மொனை மழுங்கிப்போகும். ஒரு ஆசாரி வேலைய யோசிச்சு, பெரிய உளிக்கு நீளமா ஒண்ணு, சின்ன உளிக்குக் குட்டையா ஒண்ணுன்னு அளவெடுத்த மாதிரி செஞ்சு குடுத்திருக்கீக."

மரியப்பன் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நீளமா ஒண்ணு, குட்டையா ஒண்ணு என்றதும் சிரிப்பு அப்படியே நின்றது. குனிந்து இரண்டையும் உளியை உருவிவிட்டுத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்று முழுப் பாதம். இன்னொன்று நாலு விரற்கடை குட்டை. விரல் இல்லாத காலுக்கு ஏற்றது. தன் கால்.

இதற்கு மேல் அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பின்னியது கை, கையை நடத்தியது ஜெபமாலை. வியாழக்கிழமை வந்ததும் இடது காலை மூடிவிட்டது கை. இருபது வருஷமாக அவர் பார்த்துப் பழகிய ஜோடி அதுதான் என்பதால் கண்ணுக்கும் உறுத்தவில்லை. சாமியாருக்குக் கொடுத்தது, ஆசாரிக்குக் கொடுத்தது எல்லாமே அப்படித்தான் இருந்திருக்கும். ஊரில் ஒருத்தராவது காலில் மாட்டியிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்கள். மாட்டத்தான் யாருமில்லையே.

பச்சைச் சாக்ஸ் மூன்று ஜோடியும் அப்படித்தான்.

பனியில் இருந்தவனுக்குத்தான் தெரியும். அங்கே ஓட்டைச் சாக்ஸ் கூடப் பரவாயில்லை, இறுக்கமான சாக்ஸ்தான் எமன். விரலை நெருக்கிப் பிடித்தால் ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடாவிட்டால் விறைக்கும். விறைத்தால் வலிகூடத் தெரியாது. மருத்துவமனையில் அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்த பையன் அப்படித்தான், யாரோ கொடுத்த சின்ன சாக்ஸைப் போட்டு விரலைக் கொடுத்தவன். அது எல்லாம் தெரிந்த மனுஷன், தன் கையாலேயே பின்னி, அரக்கு வைத்து அனுப்பியிருக்கிறார். உபயோகமாக இருக்கிறது என்று பிள்ளை வேறு எழுதியிருக்கிறான்.

கதவை அப்படியே விட்டுவிட்டுத் தபால் ஆபீசுக்கு ஓடினார். அங்கே தந்தி வாங்குகிற புஷ்பவள்ளி, எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். 'இடது சாக்ஸ் போடாதே. இப்படிக்கு அப்பா.' அவ்வளவுதான் வாசகம். ராணுவ முகவரிக்கு இந்த மாதிரிப் புரியாத வாசகமெல்லாம் அனுப்பினால் ஏதாவது கேள்வி வருமே என்று அவள் பயந்தாள். மரியப்பன் குனிந்தார். ஷூவையும் சாக்ஸையும் கழற்றி இடது காலைக் காட்டினார். மகன் பனியில் இருக்கிறான் என்று மட்டும் சொன்னார். புஷ்பவள்ளி தாளை உள்ளே நீட்டினாள். அவர் நிற்கும்போதே தந்தியைத் தட்டச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். மறைத்துவைக்கிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. செபஸ்தியம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"பத்தாத சாக்ஸ எவனும் இழுத்து மாட்ட மாட்டான். அவனுக்குப் புத்தி இருக்கு," என்றாள் கடைசியில். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அப்பா பின்னுனதுன்னா மாட்டுவான். அதான் எனக்குப் பயமா இருக்கு," என்றாள்.

தந்திக்குப் பதில் இல்லை. போன் பண்ணலாம் என்றால் அந்த மலையில் போன் ஏது? ஹெலிகாப்டர் போனால் தபால் போகும், பனி மூடினால் அதுவும் நின்றுவிடும். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். பாங்கு வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறவர் தபால்காரர் சைக்கிளைக் கண்டதும் இரண்டு படி இறங்கிவிடுவார். மேனேஜர் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதோ என்று புரிந்துகொண்டார் போல.

பின்னுவதை விட்டுவிட்டார். ஜெபமாலையில் இரண்டு கையும் சும்மா மடியில் கிடந்தன. அது செபஸ்தியம்மாளால் தாங்க முடியவில்லை. புரட்டாசியில் ஒரு சாயங்காலம், ஜெபத்துக்கு உட்கார்ந்தவள், ஊசிகளையும் நூலையும் கொண்டுவந்து அவர் மடியில் போட்டுவிட்டு, எதிரே பாயில் காலை நீட்டிக்கொண்டாள்.

"என்ன இது?"

"நேர்ச்சை வருஷம் முடியல. பாதியில விட்டா ஆண்டவரு என்ன நெனைப்பாரு? இந்தா, ஏங் காலு. அளவு எடுங்க. இனிமே எடது காலு வெரலு வரைக்கும் போகணும்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் காலை அவர் கையில் பிடித்துப் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு நடந்து நடந்து குதிகால் வெடித்த கால். மெட்டிக்கு மேல் விரலில் பழைய தழும்பு ஒன்று, அம்மியைப் போட்டுக்கொண்டது. அளந்தார். வலதை முடித்துவிட்டு, இடது பாதத்தைத் திங்கட்கிழமை தொடங்கினார். வியாழக்கிழமை சந்தோஷ தேவ ரகசியம் வந்ததும் கை முனையை மூடப் போயிற்று. செபஸ்தியம்மாள் ஜெபத்தை நிறுத்தாமலேயே காலை நீட்டி அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். கை நின்றது, மேலே போயிற்று. சனிக்கிழமை முடிந்தது. அவள் போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. ஐப்பசி அடைமழையில் சாணி மெழுகின மாதிரி தரையெல்லாம் சில்லென்று இருந்த நாட்களில் வீட்டுக்குள் அதையே போட்டுக்கொண்டு திரிந்தாள். சுகமாகத்தான் இருக்கிறது என்று அவளே சொன்னாள். காரைக்குடியில் அவர் பின்னியதைக் காலில் போட்ட முதல் ஆள் அவள்தான்.

ஜெபத்தின் முடிவில், பேர் தெரியாத அந்தப் பொம்பளைக்குப் பிறகு, அவள் இன்னொன்றும் சேர்த்துக்கொண்டாள். 'எம் மகன் இடது காலுக்காக' என்பாள். அதற்கு மறுபாதி சொல்லும்போதெல்லாம் மரியப்பனின் குரல் கீழே போய்விடும்.

கார்த்திகை கடைசியில் ஒரு கடிதம் வந்தது. நலம், கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்துவிட்டது, இன்ன தேதி மெட்ராஸ் வண்டியில் வருகிறேன். அவ்வளவுதான். காலைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. தந்தி கிடைத்ததா இல்லையா, அதுவும் இல்லை. தன் கால் போனபோது தானும் வீட்டுக்கு நலம் என்றுதான் எழுதினோம் என்பது மரியப்பனுக்கு ஞாபகம் வந்தது. அதை மனைவியிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, எப்போதோ அவரே சொன்ன கதைதான், அவளுக்கும் அதுதான் ஞாபகம் வந்திருக்கும்.

மெட்ராஸ் வண்டி அன்றைக்குக் கொஞ்சம் தாமதம். இருவரும் ரயிலடியில் காத்து நின்றார்கள். வண்டி நின்றதும் பெட்டியிலிருந்து இறங்குகிறவர்களின் முகத்தை யாரும் பார்க்கவில்லை, இரண்டு பேரும் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கறுத்த பூட்ஸ் இரண்டு இறங்கி நடந்து வந்தன. நொண்டுகிற மாதிரி தெரியவில்லை. ஆனால் மரியப்பனும்தான் நொண்டமாட்டார், பழகிக்கொண்டவர்.

அம்மா மகனின் முகத்தை இரண்டு கையாலும் தடவிக்கொண்டிருக்கும்போதே அப்பா கீழே குனிந்துவிட்டார்.

"பூட்ஸைக் கழட்டுப்பா."

"அப்பா, இங்கயா?"

"கழட்டு."

குரலைக் கேட்டு அந்தோணி பிரபு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தான். மரியப்பன் பிளாட்பாரத்தில் முழங்காலிட்டு, கயிற்றை அவிழ்த்து, இடது பூட்ஸைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த சர்க்கார் சாக்ஸையும் உருவினார். ஐந்து விரல். வெளுத்துப்போய், ஊறிப்போய், ஆனால் ஐந்தும் இருந்தன. பையன் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஐந்தையும் ஆட்டிக் காட்டினான். மரியப்பன் அந்தக் காலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். சுமைகூலிகள் நின்று பார்த்தார்கள். செபஸ்தியம்மாள் அவர்களைப் பார்த்து, எங்க பிள்ளைதான், ஒன்றுமில்லை, நீங்கள் போங்கள் என்று சொல்லிக்கொண்டே தானும் அழுதாள்.

வீட்டுக்கு வந்து காப்பி குடித்த பிறகு பையன் எல்லாவற்றையும் சொன்னான். தந்தி கிடைத்தது, ஆனால் மிகவும் பிந்தித்தான் கிடைத்தது. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. பார்சலைப் பிரித்து முதல் ஜோடியை மாட்டியபோதே இடது கால் உள்ளே போகவில்லை. என்ன இது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தவனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது, இது அப்பா கால் என்று. முதலில் சிரித்தானாம். அப்புறம் கூடாரத்துக்குள் போய் அதை முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். எழுதினால் அப்பா மனசு என்ன பாடுபடும், அதை அம்மா சத்தமாக வேறு வாசிப்பாள் என்றுதான் எழுதவில்லை.

"அப்ப உபயோகமா இருக்குன்னு எழுதினியே," என்றாள் செபஸ்தியம்மாள்.

"உபயோகமாத்தாம்மா இருந்துச்சு. எனக்கு இல்ல."

அடிவாரத்து முகாமில் கோபால் சிங் என்று ஒருத்தர் ஸ்டோர் பார்த்தார். இமயமலையில் அல்மோராப் பக்கத்து மலைக்காரர். போன குளிரில் இடது கால் விரல் ஐந்தும் போனவர். சர்க்கார் சாக்ஸின் முனையை மடித்து நூலால் கட்டிக்கொண்டு, புண்ணோடு நடந்துகொண்டிருந்தார். அவரிடம் மூன்று ஜோடியையும் கொடுத்துவிட்டான். அவர் போட்டுப் பார்த்துவிட்டு, இடது காலைத் தரையில் ஊன்றி ஊன்றி நடந்து பார்த்தாராம். பிறகு, இதைப் பின்னியவருக்கு என் கால் எப்படித் தெரியும் என்று கேட்டாராம். எங்கள் அப்பா காலும் இதே கால்தான் என்று இவன் சொல்லியிருக்கிறான்.

"அவரு லீவுல ஊருக்குப் போயிட்டு வந்தாருப்பா. அவரு வீட்டம்மா குடுத்துவிட்டாங்க," என்று பெட்டியிலிருந்து ஒரு துணிப் பொட்டணத்தை எடுத்து அப்பா கையில் வைத்தான்.

பிரித்தார். கம்பளிச் சாக்ஸ் ஒரு ஜோடி. சாயம் ஏற்றாத முரட்டு நூல், ஆட்டு வாடை இன்னும் போகவில்லை. மேல் ஓரத்தில் மட்டும் சிவப்பாக ஒரு கோடு. மரியப்பன் இரண்டையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வலது முழுசு. இடது குட்டை. பச்சைச் சாக்ஸை வைத்து அளவெடுத்திருக்கிறாள்.

"போட்டுப் பாருங்க," என்றாள் செபஸ்தியம்மாள்.

வலதை மாட்டினார். இடதை மாட்டினார். குதிகால் உட்கார்ந்தது. முன்னால் ஒரு மடிப்பு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. விரல் இருந்த இடத்தைக் கம்பளி மெத்தென்று மூடி நின்றது. இருபத்து மூன்று வருஷமாக அந்தக் காலுக்கு அவரைத் தவிர யாரும் எதையும் செய்து கொடுத்தது கிடையாது. அந்தக் காலின் அளவு உலகத்தில் அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும் என்று இருந்தார்.

"பேரு கேட்டியாப்பா?" என்றார்.

"யாரு பேரு?"

"இதப் பின்னுனவங்க பேரு. மொதல்ல வந்த சாக்ஸுக்குப் பேரு கேக்க வழியில்லாமப் போச்சு. இதுக்காச்சும் கேட்டியா?"

கேட்டிருந்தான். ராணுவத்துக்குப் போகிற வரை தினமும் அந்த ஜெபத்தில் உட்கார்ந்து எழுந்தவன்தானே. பகவதி தேவி என்றான். மரியப்பன் அதை வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் மூன்று பேரும் ஜெபத்துக்கு உட்கார்ந்தார்கள். மார்கழி என்றாலும் காரைக்குடி மார்கழிதானே, ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மரியப்பன் சாக்ஸைக் கழற்றவில்லை. கால் வேர்த்தது, வேர்க்கட்டும் என்று இருந்தார். ஐந்து தேவ ரகசியமும் முடிந்து, கடைசியில் செபஸ்தியம்மாள் வழக்கமாக எடுத்துக் கொடுக்கிற இடம் வந்தது. அவள் கொஞ்சம் நிறுத்தி, புருஷன் காலைப் பார்த்தாள்.

"பேர் தெரியாத அந்தப் பொம்பளைக்காகவும்," என்றாள் டீச்சர் குரலில், "பகவதி தேவிக்காகவும்."

முதல் பாதியை அவள் சொல்லி முடித்தாள். மறுபாதியை மரியப்பன் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார், வரவில்லை. அவருக்காக அதை மகன் சொன்னான்.